சனியின் வளையத்துக்கு இருட்டு தேவையில்லை

சனியைப் பார்க்க இருட்டுத் தேடி வத்தல்மலைக்கும் அஞ்செட்டிப் பக்கமும் கிளம்புகிறார்கள். வளையத்துக்கு அது வீண் அலைச்சல். ஓசூர் தெருவிளக்குகளுக்கு நடுவிலும் தெரியும். கெடுப்பது வெளிச்சமல்ல, சூடு. பகலெல்லாம் காய்ந்த மொட்டை மாடியும் கருங்கல் பாறையும் ராத்திரி வெகுநேரம் அனலை விடும். அந்தக் காற்றுக்குள் வளையம் நெளியும், விளிம்பு நிற்காது. மண் தரையில் வையுங்கள். வீட்டுக்குள்ளிருந்து எடுத்த தொலைநோக்கி அரை மணி நேரமாவது வெளியே ஆறட்டும்.

நாம் இருப்பது 12 டிகிரி அட்சரேகையில். 2026 அக்டோபர் 4-ல் சனி சூரியனுக்கு நேரெதிரே வரும்போது, நள்ளிரவில் ஏறக்குறைய 80 டிகிரி உயரத்தில் நிற்கும். அக்டோபர், நவம்பரில் மழை மேகம் விடாது. டிசம்பர் நடுவில் ஏழு, எட்டு மணிக்கே உச்சிக்கு வந்துவிடும். ஆனால் அவ்வளவு உயரத்தில் குழாயின் அடிப்பக்கம் முக்காலிக் காலில் இடிக்கும். சற்றுச் சாயும்வரை பொறுப்பது நல்லது.

70 மி.மீ. வில்லை, 700 மி.மீ. குவியத்தூரம் உள்ள தொலைநோக்கியில் 25 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) 28 மடங்கு தரும். சனி நீள்வட்டமாகத் தெரியும், அவ்வளவுதான். 10 மி.மீ. போட்டால் 70 மடங்கு, வளையம் தனியாகப் பிரியும். 140-க்கு மேல் போனால் மங்கல்தான். பெட்டியில் அச்சடித்த 525 மடங்கை மறந்துவிடுங்கள்.

2025 மார்ச் 23-ல் வளையத்தின் விளிம்பு நம்மை நோக்கி இருந்தது. பல்லாயிரம் கிலோமீட்டர் அகலமுள்ள வளையத்தின் தடிமன் பெரும்பாலான இடங்களில் சில பத்து மீட்டர்தான். அதனால்தான் அப்போது காணாமல் போகிறது. இப்போது தென்முகம் மெல்ல விரிகிறது, 2032 வாக்கில் சாய்வு 27 டிகிரி ஆகும். வளையத்தைப் பிரிக்கும் கருங்கோடான காசினி இடைவெளி 4,800 கி.மீ. அகலம் என்றாலும் சாய்வு குறைவாக இருக்கும்வரை சிறிய தொலைநோக்கிக்குச் சிக்காது.

துணைக்கோள்களில் டைட்டன் சுலபம். 16 நாளில் ஒரு சுற்று. அதிகபட்சம் வளையத்தின் முழு அகலத்தைப்போல் நாலரை மடங்கு தள்ளிப் போகும். மறுநாள் சனியோடு கூடவே வந்து, இடம் மட்டும் மாறியிருந்தால் அதுதான். பின்தங்கினால் வெறும் நட்சத்திரம். ரியாவுக்கு 100 மி.மீ. வில்லை வைத்துக்கொள்ளுங்கள். இயாபெட்டஸ் விசித்திரமானது. ஒரு முகம் கரி, மறுமுகம் பனி என்பதால் சனிக்கு மேற்கே இருக்கையில் பிரகாசம் எண் 10, கிழக்கே 12 (எண் கூடினால் மங்கல்). இதற்குத்தான் அஞ்செட்டி இருட்டு வேண்டும். மேற்கு எது என்று குழம்பினால் தொலைநோக்கியை நகர்த்தாமல் விடுங்கள்: சனி எந்தப் பக்கமாக வெளியேறுகிறதோ அதுவே மேற்கு. ஐபீஸுக்கு முன்னால் ஒளியைத் திருப்பும் டயகனல் கண்ணாடி இடவலம் மாற்றினாலும் இந்தக் கணக்கு தப்பாது.