முந்தின ராத்திரி நடந்த மீட்டிங்

1986 ஜனவரி 28ல சேலஞ்சர் விண்கலம் சிதறி 7 பேர் இறந்தது எல்லாருக்கும் தெரியும், ஆனா எனக்கு இன்னமும் மனசு ஆறாதது முந்தின ராத்திரி நடந்த அந்த போன் மீட்டிங்தான். பூஸ்டர் ராக்கெட் செஞ்ச மார்ட்டன் தியோகால் கம்பெனி இஞ்சினியருங்க, பூஸ்டர் இணைப்புகள அடைக்கற ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங், குளிர்ல விறைச்சுப் போகும், சூடான கேஸ் கசிஞ்சிடும், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ ஏவாதீங்கன்னு சார்ட்டெல்லாம் காட்டி கெஞ்சாத குறையா சொன்னாங்க. அதுல ரோஜர் போஜலே 1985 ஜூலைலயே மெமோ எழுதி எச்சரிச்சவர்.

நாசா ஆளுங்க கேள்வி மேல கேள்வி கேட்டதும், கம்பெனி மேலதிகாரிங்க தனியா பேசி, இஞ்சினியர் தொப்பிய கழட்டிட்டு மேனேஜர் தொப்பிய போடுன்னு ஒருத்தர்கிட்ட சொல்லி முடிவையே மாத்திட்டாங்க. குளிர் குறையற வரைக்கும் பொறுத்திருந்தா போதுமே!

காலைல 36 டிகிரி ஃபாரன்ஹீட். ஏவி 73 செகண்ட்தான், சிதறிடுச்சு. உள்ள ஒரு ஸ்கூல் டீச்சரும் இருந்தாங்க, அவங்க ஸ்கூல் பசங்க டிவில பாத்துட்டு இருந்தாங்க.