வாரிசுகளுக்கும் சேர்த்து ஒரு சத்தியம்

அக்கா வீட்டுக்கு இரண்டு வாரம் போய் வரலாம் என்று 2023 மே மாதத்துக்கு டிக்கெட் போட்டபோது, நான் பார்த்தது விலையை மட்டும்தான். மே 6-ஆம் தேதி லண்டனில் சார்லஸ் மன்னருக்கு முடிசூட்டு விழா இருக்கிறது என்பது என் மண்டையிலேயே ஏறவில்லை. "அவனவன் இதுக்குன்னே கனடாவுலேருந்து வர்றான். நீ தெரியாமலே வந்து மாட்டிக்கிட்டே மாப்ளே" என்று அத்தான் விமான நிலையத்திலேயே சிரித்தார்.

அவர்கள் இருப்பது லண்டனில், ஈஸ்ட் ஹாமில். புடவைக் கடை, நகைக் கடை, இட்லிக் கடை என்று பாதித் தெரு நம் ஊர்தான். அந்த வாரம் தோசைக் கடைக் கண்ணாடியில்கூட சார்லஸ் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே 'மதியச் சாப்பாடு தயார்' என்ற பலகை.

டிவியைப் போட்டால் ஒரே பேச்சு, ஒரு சத்தியத்தைப் பற்றி. பழைய முடிசூட்டுகளில் பிரபுக்கள் மன்னர் முன் மண்டியிட்டு விசுவாசம் சொல்வது வழக்கம். இந்த முறை அதைச் சுருக்கிவிட்டு, பொதுமக்களும் இருந்த இடத்திலிருந்தே 'மன்னருக்கும் சட்டப்படியான அவர் வாரிசுகளுக்கும் உண்மையான விசுவாசத்துடன் இருப்பேன்' என்று வாய்விட்டுச் சொல்லலாம் என்று கான்டர்பரி பேராயர் தரப்பிலிருந்து அறிவிப்பு வந்திருந்தது. நல்லெண்ணத்தில் செய்ததுதான் போலிருக்கிறது. ஆனால் ஊரே நெளிந்தது. குடியரசு வேண்டும் என்பவர்கள் கொதித்தது சரி, அது அவர்கள் வேலை. மன்னராட்சி இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைக்கிறவர்களுக்கும் இது என்னவோபோல் இருந்தது. சோபாவில் டீயும் பிஸ்கட்டுமாக உட்கார்ந்திருக்கிறவனை எழுந்து சத்தியம் பண்ணச் சொன்னால் எப்படி இருக்கும்? கடைசியில் விழா அன்று, விருப்பமுள்ளவர்கள் முழுதாகச் சொல்லலாம், இல்லாவிட்டால் மனதுக்குள் நினைத்துக்கொள்ளலாம் என்று குரலைத் தணித்துக்கொண்டார்கள்.

அத்தான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "நான் எப்பவோ பண்ணியாச்சு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் விளக்கினார். வெளிநாட்டிலிருந்து வந்து குடியுரிமை வாங்குகிற ஒவ்வொருவரும், கவுன்சில் ஏற்பாடு செய்கிற கூட்டத்தில், அரச படம் மாட்டிய அறையில் எழுந்து நின்று இதே சத்தியத்தைச் சொல்லியாக வேண்டும். கடவுள் பெயரால் சொல்ல ஒரு வாசகம், கடவுள் வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொன்று. "நான் கடவுள்தான் எடுத்தேன். மனசுல முருகனை நெனச்சுக்கிட்டேன்." அப்புறம் தேசிய கீதம், சான்றிதழ், ஒரு போட்டோ. இந்தச் சடங்கு 2004-இல்தான் தொடங்கியது. பிரென்ட் நகர மன்றத்தில் நடந்த முதல் நிகழ்ச்சிக்கு வந்து உட்கார்ந்திருந்தவர் அன்றைய இளவரசர் சார்லஸ்.

"அப்போ நாளைக்கு டிவி முன்னாடி நீங்க சொல்லப் போறதில்லையா?"

"எலிசபெத் ராணிக்கும் அவங்க வாரிசுகளுக்கும்னு சொல்லித்தானே சத்தியம் வாங்கினாங்க. வாரிசுக்கும் சேர்த்து அப்பவே முடிஞ்சுது. இந்த ஆளுக்குத் தனியா எதுக்கு?"

எம்.பி., நீதிபதி, ராணுவம் என்று பதவி ஏற்கிறவர்களை விட்டுவிட்டால், அங்கேயே பிறந்த சாதாரண மனிதர் ஆயுள் முழுக்க ஒரு தடவைகூட அந்த வார்த்தைகளைச் சொல்ல வேண்டியதில்லை. அக்கா மகள் அங்கே பிறந்தவள், பதினேழு வயது. அவளிடம் கேட்டால், "மாமா, இட்ஸ் எ லாங் வீக்கெண்ட்" என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்க்கிறாள். விழாவை ஒட்டித் திங்கட்கிழமை விடுமுறை விட்டிருந்தார்கள். அவள் கணக்கில் சார்லஸ் செய்த ஒரே நல்ல காரியம் அது. அதற்குச் சில நாள் முன்னால் பிபிசிக்காக யூகவ் எடுத்த கருத்துக்கணிப்பிலும் இதுதான் தெரிந்தது. மொத்தத்தில் 58 சதவீதம் பேர் மன்னராட்சி தொடரட்டும் என்றார்கள், 26 சதவீதம் பேர் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் வேண்டும் என்றார்கள். 65 வயதைத் தாண்டியவர்களில் ஆதரவு 78. பதினெட்டிலிருந்து இருபத்து நான்கு வயதுக்குள் வெறும் 32.

அக்கா எந்தக் கணக்கில் வருவாள் என்று எனக்குத் தெரியவில்லை. மருத்துவமனையில் நர்ஸ். ராஜா ராணி பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஆனால் 2022 செப்டம்பரில் ராணி இறந்து, வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் பெட்டியை வைத்திருந்தபோது, இவள் நைட் டியூட்டி முடித்த கையோடு போய் வரிசையில் நின்றிருக்கிறாள். தேம்ஸ் கரையோரமாகக் கிழக்கே சதர்க் பார்க் வரைக்கும் நீண்ட வரிசை அது. கையில் எண் போட்ட காகிதப் பட்டை கட்டிவிடுவார்கள், கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தால் இடம் போகாது. பதினோரு மணி நேரம் நின்றாளாம். முன்னால் நின்ற கிழவர் ஒருவர் மடக்கு நாற்காலியைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இவளுக்குத் தந்திருக்கிறார். உள்ளே போனதும் எல்லாம் சில நொடிதான்.

"ஏன்க்கா போனே?"

"எல்லாரும் நின்னாங்கடா."

"உள்ள என்ன பண்ணுனே?"

"கை தானாக் கூப்பிடுச்சு. பக்கத்துல ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு முழங்காலை மடக்கி வணங்குச்சு. இன்னொருத்தர் சிலுவை போட்டுக்கிட்டார். நான் கும்பிட்டேன்."

சரி, விழா நாளுக்கு வருவோம். காலையிலேயே மழை. அக்காவுக்கு டியூட்டி, மகள் தூக்கம். நானும் அத்தானும் டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறி, கூட்டத்துக்குப் பயந்து பிளாக்ஃபிரையர்ஸிலேயே இறங்கி டிராஃபல்கர் சதுக்கம் வரை நடந்தோம். மால் சாலையில் நாள் கணக்காகக் கூடாரம் போட்டுக் கிடந்தவர்களுக்கு முன்னால் இடம் கிடைக்க நமக்கு என்ன தகுதி? சதுக்கத்தின் ஓரத்தில் எட்டாவது வரிசை கிடைத்தது.

அங்கேதான் மஞ்சள் சட்டைக்காரர்கள் நின்றார்கள். 'ரிபப்ளிக்' என்ற அமைப்பின் ஆட்கள். கையில் மஞ்சள் அட்டை, 'என் மன்னர் அல்ல' என்று. சில நூறு பேர் இருப்பார்கள், குரல் ஆயிரம் பேருக்கு இருந்தது. அவர்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் முதலாம் சார்லஸின் வெண்கலக் குதிரைச் சிலை. அந்த சார்லஸைத்தான் 1649 ஜனவரி 30-ஆம் தேதி, அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், ஒயிட்ஹாலில் உள்ள விருந்து மாளிகைக்கு வெளியே மேடை போட்டுத் தலையை வெட்டினார்கள். குளிரில் உடம்பு நடுங்கினால் பயத்தில் நடுங்குகிறான் என்று சனம் நினைத்துவிடும் என்று அவர் அன்று இரண்டு சட்டை போட்டுக்கொண்டு போனாராம். மே மாதத்திலேயே பல் கிடுகிடுத்துக்கொண்டிருந்த எனக்கு அந்த மனிதர்மேல் திடீரென்று ஒரு பிரியம் வந்தது.

சிலைக்கும் ஒரு கதை உண்டு. மன்னரைக் கொன்ற பிறகு அதை உடைத்து உருக்கச் சொல்லி ரிவெட் என்ற கன்னாரிடம் விற்றார்கள். அவர் சிலையை மண்ணில் புதைத்துவிட்டு, அந்த வெண்கலத்தில் செய்தது என்று சொல்லிக் கத்திப் பிடிகளும் சில்லறைச் சாமான்களும் விற்றாராம். மன்னருக்காக அழுதவர்கள் நினைவுப் பொருளாக வாங்கினார்கள், ஒழிந்தான் என்று மகிழ்ந்தவர்கள் வெற்றிச் சின்னமாக வாங்கினார்கள். 1660-இல் மன்னராட்சி திரும்பியது, சிலையும் முழுசாக வெளியே வந்தது. இன்றைக்குச் சார்லஸ் முகம் போட்ட டீ கப் விற்கிற கடைக்காரர்கள் ரிவெட்டின் படத்தைத்தான் கல்லாவுக்கு மேலே மாட்ட வேண்டும்.

மஞ்சள் சட்டைகள் கத்தினால், பக்கத்தில் கொடி போட்ட மழைக்கோட்டுக்காரர்கள் 'மன்னரைக் கடவுள் காக்க' என்று பதிலுக்குக் கத்துவார்கள். நடுவில் நாங்கள். காகிதக் கிரீடம் நனைந்து நெற்றியில் சரிந்து கிடந்த ஒரு மாமா, பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றித் தன் பக்கத்து மஞ்சள் சட்டைப் பெண்ணிடம் நீட்டினார். அவள் வாங்கிக் குடித்துவிட்டு, நன்றி சொல்லி, மறுபடி கத்தப் போனாள்.

இதை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தால் படம் ரொம்ப அழகாகிவிடும். அன்று காலையிலேயே ரிபப்ளிக் அமைப்பின் தலைவர் கிரஹாம் ஸ்மித்தையும் இன்னும் ஐந்து பேரையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது. அட்டைகளைக் கட்டி வைத்திருந்த பட்டைகளைப் பார்த்து, உடம்பைக் கம்பியோடு பூட்டிக்கொள்ளத் திட்டம் என்று சந்தேகமாம். அந்த அதிகாரத்தைத் தந்த சட்டம் அமலுக்கு வந்து மூன்றே நாள் ஆகியிருந்தது. ஏறக்குறைய பதினாறு மணி நேரம் உள்ளே வைத்திருந்து வெளியே விட்டார்கள். பிறகு அந்த ஆறு பேர்மீதும் வழக்கில்லை என்று சொல்லிப் போலீஸ் வருத்தம் தெரிவித்தது. அன்று லண்டனில் கைதானவர்கள் மொத்தம் 64 பேர். மாதக்கணக்கில் போலீஸோடு பேசி, அனுமதிக்கப்பட்ட இடத்துக்கு வந்த ஆட்களையே தூக்கியதுதான் எனக்கு உறுத்தியது. வார்த்தையில் மன்னரை மறுக்கலாம், ஆனால் தேர் போகிற தெருவில் கொஞ்சம் யோசி என்கிற கதை.

பகல் ஒரு மணி வாக்கில் தங்க ரதம் திரும்பி வந்தது. 1762-இல் செய்தது, எடை நான்கு டன், இழுக்க எட்டுக் குதிரைகள். உள்ளே உட்கார்ந்து போவது கொடுமை என்று எலிசபெத் ராணியே சொன்ன வண்டி. எட்டாவது வரிசையிலிருந்து எனக்குத் தெரிந்தது அதன் கூரை மட்டும். கூரைமேல் கிரீடத்தைத் தாங்கி நிற்கிற மூன்று தங்கக் குழந்தைகள், குடைகளுக்கு மேலே மெதுவாக மிதந்து போயின. சார்லஸ் எந்தப் பக்கம் இருந்தார் என்றுகூடத் தெரியாது. அத்தான் போனை உயரத் தூக்கி வீடியோ எடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் முழுக்க முன்னால் நின்றவரின் குடை.

சாயங்காலம் ஃபுட்பால். ஆன்ஃபீல்டில் லிவர்பூல், பிரென்ட்ஃபோர்டு. பிரீமியர் லீக் கேட்டுக்கொண்டதால் ஆட்டத்துக்கு முன் தேசிய கீதம் போட்டார்கள். மைதானமே ஊளையிட்டது. எண்பதுகளில் அந்த ஊரை அரசாங்கம் கைவிட்ட கசப்பும், 1989-இல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் 97 பேரைப் பறிகொடுத்துவிட்டுப் பழியையும் தாங்கள் சுமக்க வேண்டி வந்த கோபமும் சேர்ந்து, அந்தப் பாட்டைக் கேட்டாலே அவர்களுக்கு அப்படி வருகிறது. இதைச் சத்தம் போட்டு ரசித்தவர் யார் தெரியுமா? முருகனை நினைத்துச் சத்தியம் செய்த அத்தான். அவர் லிவர்பூல் ரசிகர்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. கவுன்சிலில் அனுமதி வாங்கித் தெருவின் இரு முனையையும் அடைத்து, நடுவில் மேசை போட்டுத் தெரு விருந்து. பிரிட்டனுக்கென்று நம் ஆகஸ்ட் 15 மாதிரி ஒரு தேசிய நாள் கிடையாது. அதனால் ஜூபிலி, கல்யாணம், முடிசூட்டு என்று அரண்மனை பக்கம் ஏதாவது விசேஷம் வந்தால்தான் தெருவில் மேசை விழுகிறது. அக்காவுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிற பாட்டிக்கு எண்பதை ஒட்டிய வயது. 1953-இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டைச் சின்னப் பெண்ணாகப் பார்த்தவர். தெருவில் டிவி இருந்த ஒரே வீட்டில் இருபது பேர் நெருக்கிக்கொண்டு பார்த்தார்களாம். படத்தைவிடச் சர்க்கரைதான் அவருக்கு நினைவிருக்கிறது. அப்போது சர்க்கரை ரேஷனில் இருந்தது, விழாவுக்காக ஆளுக்கு ஒரு பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார்கள்.

"இப்போ இவரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"பாவம், ரொம்ப நாள் காத்திருந்தார்" என்றார். பஸ் லேட்டாக வந்தவரைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருந்தது.

கீரையும் அவரையும் முட்டையும் போட்ட முடிசூட்டுக் கீஷை (அடுப்பில் சுடுகிற ஒரு வகைப் பை) அரண்மனையே சிபாரிசு செய்திருந்தது. நாலைந்து வீட்டில் செய்து வந்திருந்தார்கள், பாதிக்கு மேல் மிஞ்சியது. பாட்டி செய்து வந்தது கொரோனேஷன் சிக்கன். 1953-இல் வெளிநாட்டு விருந்தினர்களுக்கென்று லண்டனில் கண்டுபிடித்த பண்டம். வெந்த கோழி, மயோனைஸ், ஆப்ரிகாட், அப்புறம் ஒரு சிட்டிகை கறிப் பொடி. அந்த 'கறி' நம்மிடமிருந்து போனதுதான் என்று பாட்டியிடம் பெருமையாகச் சொன்னேன். "அப்படியா, அப்போ நீங்கள் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்று ஒரு டப்பா நிறைய எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். இனிப்பாக இருந்தது. அதற்குமேல் எப்படிச் சொல்ல? இரவு அக்கா அதில் பச்சை மிளகாய் நறுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, சப்பாத்தியில் சுருட்டிக் கொடுத்தாள். அக்கா மகள் இரண்டு தின்றாள். அந்த மூன்று நாளில் முடிசூட்டு சம்பந்தமாக அவள் பாராட்டிய இரண்டாவது விஷயம் இது.

மொத்தச் செலவு 7.2 கோடி பவுண்டு என்று அரசாங்கம் கணக்குக் காட்டியது அடுத்த வருஷம். அத்தான் அந்தச் செய்தியை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'என் டாக்ஸ்' என்று மட்டும் எழுதியிருந்தார்.

திங்கட்கிழமை மறுபடி மழை. தெருவில் கட்டியிருந்த முக்கோணக் கொடிகள் சொட்டிக்கொண்டிருந்தன. பாட்டியின் டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். "வெறும் டப்பாவாவா கொண்டு போவே?" என்று அக்கா வாசலில் மடக்கி, அதில் கேசரியை நிரப்பித் தந்தாள். பாட்டி கதவைத் திறந்து, மூடியைத் தூக்கிப் பார்த்து, மஞ்சளாக இருந்ததால் ஒரு நிமிடம் குழம்பி, "இதிலும் கறிப் பொடியா?" என்றார்.