வளவில் ஆர்க்கிட்

சென்ற மாதம் உறவில் நடந்த ஒரு சாந்திக் கல்யாணத்தில் மூன்று பேர் தனித்தனியே என்னிடம் வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "ஆச்சி, ஒங்க வளவுல மட்டும் ஆர்க்கிட் எப்படிப் பூக்குது? நாங்க வாங்குனா மூணு மாசந்தான் இருக்கு." வளவு என்பது எங்கள் செட்டிநாட்டு வீடுகளில் நடு முற்றத்தைச் சுற்றியுள்ள பகுதி. மூவரும் நம் ஊர் வெயிலைத்தான் குறை சொன்னார்கள். நான் மூவரிடமும் செடியை எதில் வைத்திருக்கிறார்கள், எந்தத் தண்ணீரை ஊற்றுகிறார்கள் என்று திருப்பிக் கேட்டேன். பதில் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது: தொட்டியில் செம்மண், காலையும் மாலையும் ஆழ்துளைக் கிணற்று நீர்.

என் முதல் செடியும் அப்படித்தான் போயிற்று. மதுரையில் ஒரு நாற்றுப்பண்ணையில் பூவோடு இருந்த பெலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் ஒன்றை வாங்கி வந்து, சிறிய தொட்டியில் இருக்கிறதே என்று இரங்கி, அழகான பீங்கான் சாடியில் செம்மண்ணும் மக்கிய சாணமும் கலந்து நட்டேன். ஐந்தாவது வாரம் அடி இலைகள் மஞ்சளாகித் தளர்ந்தன. வாடுகிறது என்றெண்ணி இன்னும் அதிகமாகத் தண்ணீர் ஊற்றினேன். பிடுங்கிப் பார்த்தபோது வேர்கள் எல்லாம் பழுப்பாகக் குழைந்திருந்தன. நாம் வீட்டில் வளர்க்கும் ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை காட்டில் மண்ணைத் தொடாதவை. மரக்கிளையின் பட்டையைப் பற்றிக்கொண்டு, மழை பெய்யும்போது நனைந்து, மழை நின்றதும் காற்றில் உலர்ந்து வாழ்பவை. மரத்தின் மேல் இருப்பதால் அவற்றைப் புல்லுருவி என்று எண்ணுவோர் உண்டு. ஆனால் ஆர்க்கிட் மரத்திலிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை, இடம் மட்டுமே கேட்கிறது. அதன் வேரைச் சுற்றிக் கடற்பஞ்சு போன்ற ஓர் உறை இருக்கிறது. அந்த உறை தண்ணீரைச் சில நிமிடங்களில் உறிஞ்சிக்கொள்ளும், பிறகு அதற்குக் காற்று வேண்டும். மண்ணில் புதைத்து நாள் முழுவதும் ஈரத்தில் வைத்தால் அந்த வேர் மூச்சு முட்டி அழுகிவிடும்.

ஆகவே ஆர்க்கிட் வளர்ப்பவர் முதலில் கற்க வேண்டியது வேரைப் பார்ப்பதுதான். காய்ந்த வேர் வெள்ளி பூசியதுபோல் வெளிறி இருக்கும். தண்ணீர் பட்டதும் பச்சையாக மாறும். வெளிறிய வேர் தண்ணீர் கேட்கிறது, பச்சை வேருக்கு இப்போது தேவையில்லை, பழுப்பாகி விரலால் அழுத்தினால் நசுங்கும் வேர் செத்துவிட்டது என்று பொருள். "வாரத்துக்கு எத்தனை முறை ஊற்றுவது?" என்று கேட்பவர்களுக்கு நான் எண்ணிக்கை சொல்வதே இல்லை, தொட்டிக்குள் வேர் தெரியும்படி துளைகள் உள்ள தொட்டியை வாங்கச் சொல்கிறேன்.

நடுவதற்கான பொருள்களை வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. இஸ்திரி வண்டிக்காரர்கள் பயன்படுத்தும் மரக்கரி, பழைய வீட்டுக் கூரையிலிருந்து இறக்கிய நாட்டு ஓடு, தேங்காய் உரித்த மட்டை ஆகிய மூன்றும் போதும். கரியையும் ஓட்டையும் நெல்லிக்காய் அளவுக்கு உடைத்து, தூள் போகக் கழுவிக்கொள்ள வேண்டும். மட்டையைத் துண்டுகளாக வெட்டி, ஊறும் தண்ணீரில் பழுப்பு நிறம் இறங்குவது நிற்கும்வரை சில நாட்கள் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். அந்தச் சாறும் மட்டையில் இருக்கும் உப்பும் இளவேரைச் சுட்டுவிடும். கேரளத்தில் கரியும் ஓடும் மட்டுமே போட்டு வளர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கே காற்றிலேயே ஈரம் இருக்கிறது. நம் பக்கத்தில் பங்குனி முதல் ஆவணி வரை காற்று உலர்ந்து அடிப்பதால், நான் மூன்றில் ஒரு பங்கு மட்டை சேர்க்கிறேன். ஈரம் நிற்கும் காலத்தில் மட்டை விரைவில் மக்கிப்போகும் என்பதால், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுத்தண்டின் அடியில் வேர் முளைவிடும் நேரம் பார்த்து மாற்றி நடுகிறேன்.

தண்ணீரைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இந்தப் பக்கத்தில் ஆர்க்கிட் தோற்பதற்கு வெயிலைவிடத் தண்ணீரே பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம். செட்டிநாட்டில் எல்லா ஊர்த் தண்ணீரும் ஒன்றுபோல் இராது. சில ஊர்களில் நல்ல ஊற்று உண்டு. காரைக்குடிக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். சுண்ணாம்பும் உப்பும் மிகுந்த அந்த நீரைத் தொடர்ந்து ஊற்றினால் வேர் நுனி கருகும், இலை நுனி காயும், தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் பொருக்குப் பூக்கும். மல்லிகையும் செம்பருத்தியும் பொறுத்துக்கொள்ளும் தண்ணீரை ஆர்க்கிட் பொறுக்காது. கரைந்த உப்பின் அளவைக் காட்டும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. அது 200 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கு நீரில் 200 பங்கு உப்பு) கீழே காட்டினால் கவலையில்லை. வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் இருந்தால் குடிக்கும் குழாயில் வரும் நீரைத் தரலாம். அது வெளியேற்றும் கழிவு நீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுபவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆர்க்கிட்டுக்கு மட்டும் அதைச் செய்யாதீர்கள், உப்பு முழுவதும் அதில்தான் சேர்ந்திருக்கிறது.

நம் வீடுகளைக் கட்டியவர்கள் இதற்கு நல்ல வழியை அப்போதே வைத்துவிட்டார்கள். வளவைச் சுற்றியுள்ள நான்கு கூரைகளும் உள்நோக்கிச் சாய்ந்து, மழைநீரை முற்றத்துக்கே கொண்டுவருகின்றன. அப்பத்தா காலத்தில் அந்த நீர் விழும் இடத்தில் அண்டாக்களை வரிசையாக வைத்துப் பிடிப்பார்கள். முதல் மழையில் கூரைத் தூசி கழுவிப் போகட்டும் என்று விட்டுவிட்டு, அடுத்த மழையில்தான் அண்டாவை எடுத்து வைப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நானும் அதே முறையில் பிடித்து, வேட்டித்துணியால் வாயைக் கட்டி, கொசு புகாமல் சேமிக்கிறேன். பித்தளை, செம்புப் பாத்திரங்களைத் தவிர்த்து எவர்சில்வர் அண்டாவிலும் பிளாஸ்டிக் பீப்பாயிலும் மட்டும் வைக்கிறேன். செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லியே டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட் இனத்துக்குத் தீங்கு செய்யக்கூடியது என்பதால், செம்புச் சத்து நீரில் இறங்க இடம் கொடுக்க எனக்கு மனமில்லை. சேமித்த நீர் கோடை முழுவதற்கும் போதாது, அப்போது ஆர்.ஓ. நீரைப் பாதிக்குப் பாதி கலந்துகொள்கிறேன்.

ஊற்றுவது எப்போதும் காலையில்தான். தொட்டியின் அடியில் வழிந்து ஓடும்வரை ஊற்றி, அடித்தட்டில் தேங்கும் நீரைக் கொட்டிவிட வேண்டும். பெலனாப்சிஸின் இலைகள் கூடும் நடுக்குருத்தில் நீர் நின்று இரவைக் கடந்தால் குருத்து அழுகும். நின்றுவிட்டால் துணி நுனியால் ஒற்றி எடுக்கலாம்.

எந்த இனத்தில் தொடங்குவது? கடையில் கண்ணைக் கவர்வது பெலனாப்சிஸ். ஆனால் பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டும் மாதங்களில் அது மிகவும் தவிக்கும். டென்ட்ரோபியம் வாங்குங்கள் என்பதே என் பதில். தடித்த தண்டில் நீரையும் உணவையும் சேர்த்து வைத்துக்கொள்வதால், ஓரிரு நாள் மறந்தாலும் மன்னிக்கும். வேர்கள் காற்றில் தொங்கும் வாண்டாவை இரண்டாம் ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். கோடையில் அதற்கு நாளுக்கு இருமுறை நனைப்பு வேண்டும். வாண்டாவிலும் நம் மண்ணுக்குரிய இனம் உண்டு: வாண்டா டெசெல்லேட்டா தமிழகச் சமவெளி மரங்களிலேயே இயற்கையாக வளர்வது. அதைக் காட்டிலிருந்து பறித்து வராமல் இருப்பது நம் கடமை. பண்ணையில் வளர்த்த செடியையே வாங்க வேண்டும்.

எங்கள் வீட்டில் ஆர்க்கிட் என்ற பெயர் புதிதன்று. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்ய, சிங்கப்பூர் போய்வந்த ஐயா, அந்நாட்டுப் பணத்தாளிலேயே இந்தப் பூக்கள் அச்சாகியிருக்கும் என்று சொல்வார். 1967-இல் அங்கு வெளிவந்த முதல் வரிசைத் தாள்களில் ஆர்க்கிட்டுகளே இருந்தன. அங்கே வாழ்ந்த ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணியின் தோட்டத்தில் தோன்றி, 1893-இல் உலகுக்கு அறிமுகமான வாண்டா மிஸ் ஜோக்கிம், 1981-இல் அந்நாட்டின் தேசிய மலராயிற்று. அங்கே தெருவோரத்தில் வளர்வது இங்கே ஏன் தவிக்கிறது என்றால், அவர்களுக்கு ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல், எல்லா மாதங்களிலும் பெய்கிறது. நமக்கு அதில் பாதிகூட இல்லை, அதுவும் பெரும்பகுதி இரண்டு மூன்று மாதங்களில் கொட்டிவிடும். கோடையில் நம் வெப்பமும் கூடுதல்தான், ஆனால் பெரிய வேறுபாடு காற்றின் ஈரத்தில்தான் இருக்கிறது.

அந்த ஈரத்தை நாம் உண்டாக்கிக் கொடுக்கலாம். வளவின் தாழ்வார ஓரத்தில் செங்கல் அடுக்கி, மணல் பரப்பி, அதை நனைத்து வைத்து, அதன் மேல் தொட்டிகளை நெருக்கமாக வைக்கிறேன். தொட்டியின் அடி ஈர மணலில் படாமல் செங்கல் மீது நிற்க வேண்டும். கத்திரி வெயில் நாட்களில் பகல் 11 மணிக்கும் 3 மணிக்கும் தரையில் தண்ணீர் தெளித்துவிடுவேன். மேலே 50 விழுக்காடு நிழல் வலை கட்டியிருக்கிறேன். காலை வெயில் 9 மணி வரை நேராகப் படலாம், உச்சி வெயில் படக்கூடாது. வெளிச்சம் போதுமா என்பதை இலையே சொல்லும்: கரும்பச்சையாகத் தளதளவென்று இருந்தால் வெளிச்சம் குறைவு, செடி பூக்காது, இளம்பச்சையாக இருந்தால் சரி, மஞ்சளாகிச் செந்நிறம் ஏறினால் வெயில் மிகுதி. இலை கரும்பச்சையாக இருப்பதைப் பார்த்துச் செடி செழிப்பாக இருப்பதாக மகிழ்ந்து, இரண்டு ஆண்டுகள் பூவுக்குக் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

உரம் மிகக் குறைவாகவே வேண்டும். தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள, நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 1 கிராம் கரைத்து, வேரை முதலில் வெறும் நீரால் நனைத்த பிறகு வாரம் ஒருமுறை தெளிக்கலாம். நான்காவது வாரம் உரமின்றி வெறும் நீரால் தொட்டியை நன்றாக அலசிவிட வேண்டும். இலையிடுக்கில் மாவுப்பூச்சி தெரிந்தால் பஞ்சால் துடைத்து வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பேன், மாலையில் மட்டும். மழை மாதங்களில் நத்தை இரவில் வந்து இளவேர் நுனியைத் தின்னும். விளக்கோடு போய்ப் பொறுக்குவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அடைமழையில் செடிகளைத் தாழ்வாரத்துக்குள் நகர்த்திவிட வேண்டும்.

பூத்து முடிந்த டென்ட்ரோபியத் தண்டு இலை உதிர்த்து வெறுமையாக நிற்பதைக் கண்டு, பலர் அதைக் காய்ந்த குச்சி என்று வெட்டிவிடுகிறார்கள். அது பச்சையாகவோ பருமனாகவோ இருக்கும்வரை கைவைக்காதீர்கள். பக்கத்தில் வளரும் புதுத்தண்டுக்கு அதுதான் உணவு தருகிறது, சில வேளைகளில் அதிலிருந்தே மறுபடியும் பூங்கொத்து வரும். அதன் கணுவில் வேரோடு சிறு கன்று முளைத்தால், வேர்கள் இரண்டு விரற்கடை நீளம் வளர்ந்த பிறகு, நெருப்பில் காட்டி ஆறவைத்த கத்தியால் வெட்டித் தனித்தொட்டியில் வைக்கலாம். இந்தத் தையில் அப்படி மூன்று கன்றுகள் பிரித்திருக்கிறேன். அன்று கேட்ட மூவருக்கும் ஆளுக்கொன்றாகத் தரப்போகிறேன், கரியும் ஓடும் நிரப்பிய தொட்டியோடு.