பத்து இடங்களும் ஒரு தீப்பந்தமும்

சென்ற தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ரொறன்ரோவில் வாழும் எமது வகுப்புத் தோழர் நால்வர் ஒரு நண்பரின் வீட்டு நிலக்கீழறையில் கூடி, ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேச்சாலும் பகடையாலும் கதையை நகர்த்தும் 'கெய்ர்ன்' என்னும் கதை விளையாட்டை முதன்முறையாக ஆடிப் பார்த்தோம். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி வெளிவந்த 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' தொடக்கிவைத்த பழைய மரபைக் குறைந்த விதிகளோடு மீட்க விரும்புவோர் ஆக்கியவற்றுள் இதுவும் ஒன்று; யோஹாய் கால் என்பவர் 2020இல் வெளியிட்டது. விதிகள் ஒரு சிறு கைந்நூலுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆட்டத்தை நடத்துபவருக்கு இதில் 'வார்டன்' என்று பெயர். விடுதியில் வளர்ந்த எமக்கு அச்சொல் இரவு முழுவதும் இனித்தது.

வார்டனாக அமர்ந்தவன் நண்பரின் மகன். ஆறு முகப் பகடைகள் மூன்றை உருட்டி, எமது பாத்திரங்களின் வலிமை, சுறுசுறுப்பு, மனத்திடம் ஆகியவற்றுக்கு ஆளுக்கொரு தாளில் எண் குறித்தோம். சண்டையில் அடி தவறுவதேயில்லை. எவ்வளவு காயம் என்பதற்கே பகடை உருளும். ஆகவே வாளை உருவுமுன் நன்றாக யோசிக்க வேண்டியிருந்தது.

"மாமா, தாளைப் பார்க்க வேண்டாம், அந்த இடத்தில நிண்டால் என்ன செய்வீங்களோ, அதைச் சொல்லுங்கோ" என்றான் அவன். கதையில், பாழடைந்த கோபுரத்தின் கீழே, கல் பாவிய நடைவழியில் நின்றோம். மேசன் ஒருவரின் மகனான எமது நண்பர் ஒருவர், நீர்ப்பையிலிருந்த தண்ணீரைத் தரையில் ஊற்றி, அது எப்பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பதாகச் சொன்னார். நடுக்கல்லைச் சுற்றித் தண்ணீர் மறைந்துவிட்டதாக வார்டன் கூற, அதன் கீழே பொறிக்குழி இருப்பதைப் பகடை உருட்டாமலேயே கண்டுகொண்டோம். மண்ணெண்ணெய் கிடைக்காத ஆண்டுகளில் ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றியிருந்து, ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் கதையைத் தொடர்ந்த விடுதி இரவுகள் அவ்வேளை என் கண்முன் வந்தன.

ஆயினும் என்னை ஆழமாகத் தொட்டது வேறொரு விதி. ஒவ்வொருவருக்கும் பொருள் வைக்கப் பத்து இடங்கள் மட்டுமே உண்டு. பருத்த பொருள் இரண்டு இடம் பிடிக்கும். பத்தும் நிரம்பியவனுக்கு, அடியிலிருந்து விலகத் துணைசெய்யும் காப்பெண் பூச்சியமாகிவிடும். மூன்று நாள் உணவும் ஒரு தீப்பந்தமும் தொடக்கத்திலேயே இரண்டு இடங்களை எடுத்துக்கொள்கின்றன. 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணத்தைவிட்டு இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த எவருக்கும் இக்கணக்கை விளக்கத் தேவையில்லை. அன்று என் சைக்கிளில் அரிசியும் சான்றிதழ்களும் அந்த ஜாம் போத்தல் விளக்கும் இருந்தன. மேசனின் மகன் தம் தாயாரின் தையல் இயந்திரத்தைச் சுமந்து வந்து, பாதி வழியில் ஒரு வேலியோரம் இறக்கி வைத்துவிட்டு நடந்தவர்.

கோபுரத்தின் அடியில் பெரிய வெள்ளிக் கிண்ணமொன்று கிடைத்தது. மேசனின் மகனுடைய தாளில் ஓர் இடமே மீதியிருந்தது. கிண்ணத்துக்கோ இரண்டு வேண்டும். கயிற்றையோ தீப்பந்தத்தையோ விட்டால் எடுக்கலாம் என்றான் வார்டன். அவர் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அது இங்கேயே இருக்கட்டும் தம்பி" என்றார்.