டேப் டிரைவ் காணாமல் போனால் கேபிளைத் தொடாதீர்கள்

சர்வர் கண்ணுக்கு டேப் டிரைவ் (காந்த நாடாவில் பேக்கப் எழுதும் கருவி) தெரியவில்லை என்றால் எல்லோரும் செய்கிற முதல் காரியம், ரேக்கின் பின்னால் போய் கேபிளைக் கழற்றித் திரும்பச் செருகுவது. பெரும்பாலும் டிரைவ் வந்துவிடும். எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். அடுத்த வாரம் மறுபடியும் அதே பாட்டு. அதனால்தான் டர்பனில் என்னோடு வேலை பார்க்கும் தம்பிமாருக்கு ஒரு கட்டளை போட்டிருக்கிறேன்: லாகை, அதாவது கருவிகள் எழுதிவைக்கும் பிழைப் பதிவை, பார்க்கும்வரை கேபிளில் கை வைக்கக்கூடாது. கை வைத்த மாத்திரத்தில் சாட்சி கலைந்துவிடும்.

இந்தக் காலத்திலும் டேப்பா என்று கேட்பவர்கள் உண்டு. தென்னாப்பிரிக்காவில் வரிக் கணக்கு ஆவணங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) வந்து டிஸ்க் பேக்கப்பையும் சேர்த்துப் பூட்டிவிட்டால், அலமாரியில் எந்தக் கேபிளும் இல்லாமல் கிடக்கிற ஒரு டேப் கேட்ரிட்ஜ்தான் கைகொடுக்கும். எல்டிஓ என்ற டேப் வகையின் எட்டாம் தலைமுறை, எல்டிஓ-8 என்றால் ஒன்றில் 12 டெராபைட். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

துறைமுகத்துப் பக்கம் கிட்டங்கி நடத்தும் ஒரு கம்பெனி. எல்டிஓ-7 டிரைவ், தனிப் பெட்டியில், எஸ்ஏஎஸ் (டிஸ்க், டேப் போன்றவற்றை சர்வரோடு இணைக்கும் முறை) கேபிள் வழியாக சர்வரோடு இணைப்பு. வார நாட்களில் எடுக்கிற சின்ன பேக்கப் ஒழுங்காக முடிகிறது. சனிக்கிழமை இரவு எடுக்கிற முழு பேக்கப் மட்டும் பாதியில் அறுந்துபோகிறது. "அண்ணா, டிரைவ் போயிட்டுது, புதுசுக்கு கொட்டேஷன் கேட்டிருக்காங்க" என்று தம்பி போன் பண்ணினான். அவன் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பிறந்து வளர்ந்தவன். தமிழில் ஆரம்பித்து ஆங்கிலத்தில் முடிப்பான். பதற்றம் வந்தால் மட்டும் முழுக்கத் தமிழ்.

டிரைவின் முகப்பில் இருக்கிற சின்னக் கட்டத்தில் என்ன எழுத்து நின்றது என்று கேட்டேன். ஐபிஎம் வகை டிரைவ்களில் அந்த ஒற்றை எழுத்தே பாதி வழக்கைத் தீர்த்துவிடும். 7 என்றால் டேப்பில் கோளாறு. 6 என்றால் டேப்பாகவும் இருக்கலாம், டிரைவாகவும் இருக்கலாம். 5 டிரைவின் வன்பொருள். 8 என்றால் பெரும்பாலும் இணைப்பு. அங்கே நின்றது 8. சர்வரின் லினக்ஸ் கெர்னல் லாகும் அதையே சொன்னது. டிரைவ் திருப்பி அனுப்பும் பிழை வகை எண்ணான சென்ஸ் கீ 3 வந்தால் டேப்பையும் ஹெட்டையும் பார்க்க வேண்டும், 4 வந்தால் டிரைவின் உள்ளே பார்க்க வேண்டும். இங்கே வந்ததோ 'பி', அதாவது கட்டளை பாதியில் கைவிடப்பட்டது. கூடவே 47/03 என்ற குறியீடு. கம்பியில் வந்த தகவலின் சிஆர்சி (சேதத்தைக் கண்டுபிடிக்கும் சரிபார்ப்பு எண்) ஒத்துவரவில்லை என்று அர்த்தம். டிரைவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதில் ஒன்றுமே இல்லை.

இதற்கு அடுத்த படியைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். எஸ்ஏஎஸ் இணைப்பின் ஒவ்வொரு முனைக்கும் பிழை கணக்கு உண்டு. லினக்ஸில் கருவிகளின் நிலையைக் காட்டும் சிஸ்எஃப்எஸ் கோப்புறையின் அடியில், ஒவ்வொரு ஃபைக்கும் (சிக்னல் அனுப்பி வாங்கும் முனைக்கும்) நான்கு எண்கள் கிடைக்கும்: செல்லாத டிவேர்டு (நான்கு பைட் துண்டு), டிஸ்பாரிட்டி பிழை (0, 1 சமநிலை தவறியது), ஒத்திசைவு இழப்பு, ரீசெட் சிக்கல். சர்வர் பூட் ஆகும்போதே இவை கொஞ்சம் ஏறும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பேக்கப்புக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை எழுதிவைத்து வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும். தம்பி பார்த்துவிட்டு "ஒண்ணுமே ஏறலையே அண்ணா" என்றான். ஏறாதுதான். அந்தக் கணக்கு ஹெச்பிஏ கார்டின் (சர்வரில் கேபிள் செருகும் கார்டு) காதில் விழுந்த பிழைகளை மட்டுமே எண்ணும். பேக்கப் என்பதோ சர்வரிலிருந்து டிரைவுக்குப் போகிற சரக்கு. வழியில் அது சேதமானால் டிரைவின் காதில்தான் விழும். டிரைவின் கணக்கு டிரைவுக்குள்ளேயே 18h என்ற எண்ணுள்ள லாக் பக்கத்தில் இருக்கிறது, லினக்ஸின் எஸ்ஜி கருவிகளை (sg3_utils) வைத்துப் படிக்கலாம். அங்கே போய்ப் பார்த்தால் எண் மளமளவென்று ஏறிக்கிடந்தது. சின்ன பேக்கப் தப்பித்ததும் முழு பேக்கப் மாட்டிக்கொண்டதும் இதனால்தான்: சரக்கு கூடக் கூட அடிபடுகிற வாய்ப்பும் கூடும்.

டிஸ்க்காக இருந்தால் அதே இடத்தில் மறுபடி எழுதிவிட்டுப் போய்விடலாம். டேப்பில் அது முடியாது. ஒரு பிளாக் எழுதப்பட்டதா இல்லையா என்று தெரியாவிட்டால் அடுத்ததை எங்கே வைப்பது? அதனால் லினக்ஸின் எஸ்டி டிரைவர், அதாவது டேப் டிரைவோடு பேசும் மென்பொருள், இணைப்பு ரீசெட் ஆன பிறகு 'டேப் எங்கே நிற்கிறது என்று தெரியாது' என்று கையை விரித்துவிடும். டேப்பைத் திரும்பச் சுற்றும்வரை எதை எழுதினாலும் பிழைதான். பேக்கப் மென்பொருளின் திரையிலோ 'டிவைஸ் பிழை' என்று மொட்டையாக ஒரு வரி வரும். அதைப் படித்துத்தான் புது டிரைவுக்கு ஆர்டர் போடுகிறார்கள்.

இவ்வளவும் எழுதிவைத்த பிறகு ரேக்கின் பின்னால் போனோம். கதவைச் சாத்தும்போது கேபிள் கனெக்டரின் கழுத்து மடங்கிக் கதவில் அழுந்துகிறது. எஸ்எஃப்எஃப்-8088 என்ற கனெக்டர் வகைக் கேபிள் தடிமனாகத்தான் இருக்கும், அதற்காகச் செங்குத்தாக மடக்கினால் தாங்காது. முதலில் கேபிளை மட்டும் மாற்றினோம். கார்டில் அதே போர்ட், டிரைவும் அதே. சனிக்கிழமை முழு பேக்கப் ஓடி முடிந்தது, டிரைவின் கணக்கு அசையவில்லை. கேபிள், போர்ட், ஃபர்ம்வேர் (டிரைவுக்குள் இருக்கும் மென்பொருள்) மூன்றையும் ஒரே இரவில் மாற்றிவிட்டு 'சரியாகிவிட்டது' என்று ரிப்போர்ட் எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். எது சரியானது என்று அவர்களுக்கே தெரியாது.

இதே முகத்தோடு வருகிற இன்னொரு கோளாறு இந்த ஊருக்கே உரியது. 2023-ல் லோட் ஷெட்டிங் (அட்டவணை போட்டு வெட்டும் மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது நிறையப் பார்த்தேன். சர்வர் யுபிஎஸ்ஸில் (பேட்டரி மின்சாரத்தில்) இருக்கும், டேப் டிரைவ் பெட்டியின் பிளக்கை யாரோ பக்கத்துச் சுவரில் சொருகியிருப்பார்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் டிரைவ் அணைந்து எழுந்துவிடும். சர்வருக்கு எதுவும் ஆகியிருக்காது, அதனால் லாகைப் படிக்கிறவர் கேபிளைத்தான் சந்தேகிப்பார். பிரித்தறிய வழி இருக்கிறது. கரண்டாக இருந்தால் லாகில் 29/00 என்ற குறியீடு (டிரைவ் புதிதாக எழுந்தது அல்லது ரீசெட் ஆனது) நிற்கும், அதன் நேரம் கரண்ட் வெட்டு அட்டவணையோடு ஒத்துப்போகும், சிஆர்சி பிழை படிப்படியாக ஏறியிருக்காது. உள்ளே டேப் இருக்கும்போது கரண்ட் போய் வந்தால் டிரைவ் தானாகவே டேப்பை மெதுவாகச் சுற்றி மீட்கப் பார்க்கும். அதற்குச் சில நிமிஷம் ஆகலாம். அந்த நேரத்தில் 'தொங்கிவிட்டது' என்று மறுபடி ஸ்விட்சை அணைக்காதீர்கள்.

டிரைவ் முதல் நாளிலிருந்தே தெரியவில்லை என்றால் கதை வேறு. அது ரெய்டு கார்டில் (பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டும் கார்டு) மாட்டப்பட்டிருக்கிறதா பாருங்கள். பல ரெய்டு கார்டுகள் டேப்பை வெளியே காட்டாது, சாதாரண ஹெச்பிஏ வேண்டும். ரீபூட்டுக்குப் பிறகு இரண்டு டிரைவ்களின் பெயர் இடம் மாறிவிட்டதென்றால் அது கோளாறே அல்ல, டிரைவின் அடையாள எண்ணை வைத்து அமையும், மாறாத /dev/tape/by-id பாதையைப் பயன்படுத்துங்கள்.

கிட்டங்கிக்காரர்கள் கொட்டேஷனை ரத்து செய்துவிட்டார்கள். மடங்கிய கேபிளைத் தம்பி சுருட்டி உதிரிப் பொருள் டிராயரில் வைக்கப் போனான். வாங்கி, கட்டரால் இரண்டு கனெக்டரையும் வெட்டிக் குப்பையில் போட்டேன். இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து அதை வேறு யாராவது எடுத்து இன்னொரு சர்வரில் மாட்டுவார்கள், அப்புறம் சனிக்கிழமை ராத்திரி எனக்குத்தான் போன் வரும்.