இதை எங்க எழுதுவீங்க, சிஸ்டர்?

ஒரு பெரிய தொழிற்சாலையின் மருத்துவ அறையில் 22 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். வெட்டுக்காயம், தீக்காயம், கண்ணில் விழுந்த இரும்புத் துகள் என்று தினமும் யாராவது வருவார்கள். அடிபட்டு வருவதற்கு இங்கே யாரும் தயங்கியதில்லை. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு நடந்தே வந்து, "சீக்கிரம் கட்டுங்க சிஸ்டர், லைன் நிக்குது" என்பார்கள். அதே ஆட்களை வருடத்துக்கு ஒரு முறை பிரஷரும் சுகரும் பார்க்கக் கூப்பிட்டால் ஆளையே காணாது.

பெயர்ப் பட்டியல் என் மேசையில் இருக்கும். பெண்களின் பெயர்கள் முதல் வாரத்திலேயே முடிந்துவிடும். சின்ன வயசுப் பையன்களும் கூட்டமாக வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். மாதக் கடைசியில் மிச்சம் நிற்பவர்கள் 45 வயதைத் தாண்டிய ஆண்கள். வருடா வருடம் கிட்டத்தட்ட அதே பெயர்கள். கேட்டால் வரும் பதிலும் ஒன்றுதான்: "எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர்."

"ஒண்ணும் இல்லாதப்பவே பார்க்கணும்" என்று நான் திருப்பிச் சொல்வேன். மருத்துவத்தில் மற்றதெல்லாம் ஒருவர் வந்து 'வலிக்குது' என்று சொல்வதில் தொடங்கும். இது மட்டும் நன்றாக நடமாடிக்கொண்டிருப்பவரை நாங்கள் போய்க் கூப்பிடுவதில் தொடங்குகிறது. 1968ல் வில்சன், யுங்னர் என்ற இருவர் உலக சுகாதார நிறுவனத்துக்காக இப்படி நோயைத் தேடிப் போவது எப்போது சரி என்று எழுதிக்கொடுத்த 10 விதிகள் இன்றும் இந்தத் துறையில் பேசப்படுகின்றன. தேடிப் பிடிக்கும் நோய் முக்கியமானதாக இருக்க வேண்டும், வெளியே தெரியாத ஆரம்பக் கட்டம் அதற்கு இருக்க வேண்டும், கண்டுபிடித்தால் கொடுக்க சிகிச்சை இருக்க வேண்டும், சோதனை மக்கள் ஏற்றுக்கொள்ளும்படி இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் வரும். ஏற்றுக்கொள்ளும்படி என்றால் அதிகம் வலிக்கக் கூடாது, நேரம் பிடிக்கக் கூடாது என்ற அளவில்தான் நான் புரிந்துவைத்திருந்தேன்.

அதனால் ஆரம்ப வருடங்களில் இது அலட்சியம் என்றே நினைத்தேன். சுவரில் படங்கள் ஒட்டினேன். ஷிப்ட் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் பேசினேன். "மெஷினுக்கு நேரம் தவறாம கிரீஸ் வைக்கிறீங்க, உங்க உடம்புக்கு என்ன வச்சீங்க?" என்று எல்லோரிடமும் கேட்பேன். ஒரு நாள் ஒருவர் நின்று பதில் சொன்னார். "மெஷின்ல கோளாறுன்னு எழுதினா அதைச் சரி பண்ணுவாங்க சிஸ்டர். எனக்குக் கோளாறுன்னு எழுதினா?" சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவர் கேட்டது எனக்கு உறைக்க இன்னும் இரண்டு வருடம் ஆனது.

எங்களிடம் ஒரு கிரேன் டிரைவர் இருந்தார். அப்போது அவருக்கு 52 வயது. பரிசோதனை நாளன்று தொடர்ந்து மூன்று வருடம் லீவு போட்டவர். நான்காவது வருடம் கட்டைவிரலில் சங்கிலி பட்டு, நகம் பெயர்ந்து வந்தார். கட்டுப் போட்டு முடித்ததும், "இன்னொரு கையில பிரஷரும் பார்த்துடவா அண்ணே?" என்று கேட்டேன். உடனே மறுக்கவில்லை. மெஷினைப் பார்த்தார், என் மேசையில் இருந்த பதிவேட்டைப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "பார்த்தா, இதை எங்க எழுதுவீங்க, சிஸ்டர்?"

அத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. பதில் எனக்குத் தெரியும். பதிவேட்டில் எழுதுவேன், அதன் நகல் அலுவலகத்துக்குப் போகும், அங்கே யார் யார் பார்ப்பார்கள் என்று எனக்கே தெரியாது. மறைக்காமல் அப்படியே சொன்னேன். "அப்ப வேண்டாம்" என்றார். "சரி, இன்னைக்கு எங்கயும் எழுதல. டாக்டர்கிட்ட மட்டும் சொல்றேன், அதுவும் உங்ககிட்ட கேட்டுட்டு" என்றேன். கையை நீட்டினார்.

168/102. அடிபட்ட வலியிலும் ஏறியிருக்கலாம். ஐந்து நிமிடம் பேச்சில்லாமல் உட்கார வைத்தேன். முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து மறுபடி பார்த்தேன். 164/100. அந்த எண்ணைக் கேட்டு அவர் அதிரவில்லை. "தெரியும் சிஸ்டர். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஃபிரெண்டு வீட்டு மெஷின்ல பார்த்தேன். அப்பவே இப்படித்தான் இருந்துச்சு" என்றார்.

உலகத்தில் 30 முதல் 79 வயதுக்குள் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சுமார் 128 கோடிப் பேர் என்றும், அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2021ல் சொன்னது. இந்த அண்ணன் தெரியாத பாதியில் இல்லை. தெரிந்துகொண்டே இரண்டு வருடம் மாத்திரை இல்லாமல், உயரத்தில் உட்கார்ந்து கிரேன் ஓட்டியிருக்கிறார். எண் வெளியே வந்தால் கீழே இறக்கிவிடுவார்கள், ஓவர்டைம் போய்விடும், பிள்ளையின் படிப்புக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் பேசாமல் இருந்திருக்கிறார். இத்தனை வருடம் நான் அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தது இப்படிப்பட்டவரிடம் என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

மறுநாள் டாக்டரிடம் பேசினேன். அவர் நிர்வாகத்துடன் பல மாதம் மல்லுக்கு நின்றார். கடைசியில் ஒரு மாற்றம் வந்தது. எண்கள் மருத்துவ அறையைத் தாண்டிப் போகாது. இந்த வேலைக்குத் தகுதி, அல்லது இத்தனை நாள் மாற்று வேலை என்ற ஒரு வரி மட்டும் அலுவலகத்துக்குப் போகும். மாற்று வேலையில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளம் குறையாது. கிரேன் அண்ணன் ஆறு வாரம் தரையில் வேலை பார்த்தார், மாத்திரையில் பிரஷர் அடங்கியது, மறுபடி மேலே ஏறினார். அடுத்த வருடம் பட்டியலில் மிச்சம் நின்ற பெயர்கள் பாதியாகக் குறைந்தன. அந்த வருடம் நான் சுவரில் புதிதாக ஒரு படம்கூட ஒட்டவில்லை.

மீதிப் பாதிப் பேருக்குக் காரணம் வேறு வேறாக இருந்தது. ஒருவருடையதை மறக்கவே முடியாது. கணக்குப் பிரிவில் இருந்தவர், அமைதியான மனிதர். 50 வயது வரை ஒழுங்காக வந்தவர் திடீரென்று நிறுத்திவிட்டார். நான்கைந்து வருடம் கழித்து ஒரு காலையில், கூப்பிடாமல் தானாகவே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "எங்க அப்பா 54ல மாரடைப்புல போயிட்டாரு. அந்த வயசைத் தாண்டட்டும்னு இருந்தேன். நேத்து 55 ஆச்சு" என்றார். அப்பாவுக்கு அந்த வயதில் இதய நோய் வந்திருந்தால் பிள்ளை மற்றவர்களைவிட முன்னதாகவே கொழுப்பு, சுகர், பிரஷர் எல்லாம் பார்க்க வேண்டும். அது அவருக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு எண்ணைக் கடக்கும்வரை எதையும் திறந்து பார்க்க அவரால் முடியவில்லை. நல்லவேளை, கொழுப்பு மட்டும்தான் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. இப்போதெல்லாம் யாரிடம் பேசினாலும் 'உங்களுக்கு என்ன பண்ணுது?' என்று ஆரம்பிப்பதில்லை. "அப்பா எப்படி இருக்காங்க?" என்று கேட்கிறேன். தன்னைப் பற்றிப் பேச மாட்டாதவரும் அப்பாவைப் பற்றிப் பேசிவிடுவார்.

கூச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லாம் முடிந்து எழுந்து போய், கதவில் கை வைத்தபடி, "அப்புறம் சிஸ்டர்... டாக்டர் எப்ப இருப்பாரு?" என்று சில ஆண்கள் கேட்பார்கள். அவர்கள் உண்மையில் வந்தது அந்தக் கேள்விக்காக. பல நேரங்களில் அது ஆண்மைக் குறைவு. எங்கோ கிடைக்கும் மாத்திரையை ரகசியமாக வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அது வெட்கப்படும் விஷயம் இல்லை, இதயம் சம்பந்தப்பட்ட விஷயமாக இருக்கலாம். அந்த உறுப்புக்குப் போகும் ரத்தக் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடச் சிறியவை. குழாய்கள் கெட ஆரம்பித்தால் நெஞ்சுவலி வருவதற்குச் சில வருடங்கள் முன்பே அங்கே தெரியலாம். கதவோரம் நின்று கேட்ட ஒருவரை டாக்டர் உடனே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். மூன்று மாதச் சராசரி சுகர் 9.2 சதவீதம். 6.5 வந்தாலே சர்க்கரை நோய். அவர் அதுவரை ஒரு நாள்கூட உடம்பு சரியில்லை என்று படுத்தவர் இல்லை.

எல்லா ஆண்களும் எல்லாச் சோதனையும் செய்துகொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரே நாளில் தலை முதல் கால் வரை பார்க்கும் பெரிய தொகுப்புகளால் ஆயுள் கூடுவதாகப் பெரிய ஆய்வுகளில் தெரியவில்லை. ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் ப்ராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருக்கிறதா என்று தேடும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். வயதானால் வரும் சாதாரண வீக்கத்திலும், கிருமித் தொற்றிலும்கூட அந்த எண் ஏறும். அதை நம்பித் தேவையில்லாத சதைச் சோதனை, சிகிச்சை என்று அவதிப்பட்டவர்கள் உண்டு. அதனால்தான் 55 முதல் 69 வயதுக்காரர்கள் டாக்டருடன் பேசி முடிவெடுக்க வேண்டும் என்றும், 70க்கு மேல் வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றும் அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2018ல் சொன்னது. பயந்து ஒதுங்குபவரைப் போலவே, பயத்தில் எல்லாவற்றையும் கேட்பவரிடமும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

ஆனால் பெருங்குடல் விஷயத்தில் எனக்கு இரண்டு மனம் இல்லை. அங்கே வரும் புற்றுநோய் பெரும்பாலும் சின்ன சதை வளர்ச்சியாகத் தொடங்கும். அது புற்றாக மாற 10 வருடம் போல ஆகும். அதற்குள் பார்த்து எடுத்துவிட்டால் அந்த இடத்தில் நோய் வருவதே நின்றுவிடும். 50 வயதில் தொடங்கச் சொன்ன சோதனையை அதே பணிக்குழு 2021ல் 45க்குக் கொண்டுவந்தது. வருடத்துக்கு ஒரு முறை வீட்டிலேயே மலத்தில் கொஞ்சம் எடுத்துச் சின்னக் குழாயில் போட்டு அனுப்பினால் போதும். கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தை அது காட்டிவிடும்.

ஸ்டோரில் இருந்த ஒருவருக்கு அந்தக் குழாய் வைத்த உறையைக் கொடுத்தேன். 58 வயது. எல்லோருக்கும் பொருள் எடுத்துக் கொடுக்கும் கை அது. "வச்சுட்டுப் போங்க சிஸ்டர்" என்றார். கொடுத்தாயிற்று என்று பட்டியலில் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன். அவருக்கு அப்போதே மலத்தில் ரத்தம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. மூலம் என்று நினைத்துத் தானே களிம்பு வாங்கிப் போட்டிருக்கிறார். ரத்தம் கண்ணில் படுகிறது என்றால் இந்த உறைக்காகக் காத்திருக்கக் கூடாது, நேராக டாக்டரிடம் போக வேண்டும். உறையை நீட்டும்போது நான் கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பார். கேட்கவில்லை. 14 மாதம் கழித்து எடை குறைந்து, வயிறு வீங்கி ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது கல்லீரல் வரை பரவியிருந்தது.

அவர் போன பிறகு அவருடைய மனைவி லாக்கரைக் காலி செய்ய வந்தார். கூட நின்று உதவினேன். சட்டை, மூக்குக் கண்ணாடி, பழைய சம்பளச் சீட்டுகளுக்கு அடியில் அந்த உறை இருந்தது. ஒட்டியது ஒட்டியபடி. மேலே என் கையெழுத்தில் தேதி. "இது என்ன சிஸ்டர்?" என்று அந்த அம்மா கேட்டார். சொன்னேன். வேறு ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம், மனசு வரவில்லை. அவர் அதை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு கொடுத்தாயிற்று என்று நான் குறிப்பதில்லை. திரும்பி வந்த பிறகுதான் குறிப்பேன். பத்து நாளில் உறை வரவில்லை என்றால் நானே போய்க் கேட்பேன்.

போய்க் கேட்பதில் பலன் இருக்கிறது என்று எங்கள் டாக்டர் ஒரு ஆய்வைக் காட்டினார். லாஸ் ஏஞ்சலஸில் ரொனால்ட் விக்டர் என்ற மருத்துவர் தலைமையில் நடந்து 2018ல் வெளியானது. 52 முடிதிருத்தும் கடைகள், பிரஷர் அதிகமாக இருந்த 319 கறுப்பின ஆண்கள். சில கடைகளுக்கு மருந்தாளுநர்களே வந்து, வழக்கமாக அவர்கள் உட்காரும் இடத்திலேயே பிரஷர் பார்த்து மருந்தையும் கொடுத்தார்கள். மற்ற கடைகளில் 'டாக்டரைப் பாருங்க' என்று முடிதிருத்துபவர் எடுத்துச் சொன்னார். ஆறு மாதத்தில் முதல் குழுவில் மேல் எண் சராசரியாக 27 குறைந்தது, இரண்டாவதில் 9. அதைப் படித்த பிறகு மாதம் இரண்டு முறை மெஷினைத் தூக்கிக்கொண்டு ஷிப்ட் மாறும் நேரத்தில் அவர்களிடமே போகிறேன். சத்தம் இல்லாத மூலையில் ஒரு பெஞ்ச் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

கிரேன் அண்ணன் ஓய்வு பெறப் போகிறார். போன வாரம் புதிதாக வந்த ஒரு வெல்டரைத் தோளில் கை போட்டு அந்த பெஞ்சுக்குக் கூட்டிவந்தார். வந்தவர் என்னையும் என் கையில் இருந்த நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். கேட்பதற்கு முன் நானே சொல்லிவிட்டேன், எதை எங்கே எழுதுவேன், எது எங்கே போகாது என்று. உட்கார்ந்தார்.

இந்த வருடப் பட்டியலில் இன்னும் ஏழு பெயர்கள் இருக்கின்றன. அதில் ஒருவர் நேற்றும் "வியாழக்கிழமை வர்றேன் சிஸ்டர்" என்றார். போன வியாழனுக்கும் அதைத்தான் சொன்னார். அவருடைய அப்பாவைப் பற்றி இன்னும் நான் கேட்கவில்லை. இந்த வியாழன் ஷிப்ட் முடியும்போது நானே அவர் இடத்துக்குப் போகப் போகிறேன்.