முன்பணத்தை யார் பங்கில் கழிப்பார்கள்?

2022 ஏப்ரலில் எங்கள் கணினி கேமுக்கு ஒரு வெளிநாட்டு பப்ளிஷரிடமிருந்து, அதாவது கேமுக்குப் பணம் போட்டு வெளியிட்டு விற்றுத்தருகிற கம்பெனியிடமிருந்து, ஒப்பந்தம் வந்தது. 31 பக்கம். நானும் என் தோழியும் கும்பகோணத்தில் வாடகைக்கு எடுத்திருந்த மாடி அறையில் உட்கார்ந்து இரண்டு நாள் படித்தோம். எந்த வரி நல்லது, எந்த வரி நமக்கு வினையாகும் என்று இரண்டு பேருக்குமே புரியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் என்ன நடந்தது என்பதை இதே வழியில் வரப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் கேம். அதில் நீங்கள் ஒரு லஸ்கர், பாசன மதகுகளைத் திறந்து மூடுகிற ஊழியர். ஆறு பிரியும் தலைப்பில் ஷட்டரை எவ்வளவு தூக்குவது, எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் முறை வைப்பது, கடைமடை வயல் காய்வதற்குள் தண்ணீரை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, இதுதான் ஆட்டம். எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே இருக்கிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் எப்போது வரும் என்று சின்ன வயதில் மதகுக் கட்டையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் நான். தோழிக்குச் சுவாமிமலை. அவள் தாத்தா சிலைக்கு மெழுகில் உருப்பிடிப்பவர். அந்தக் கை அவளுக்கும் வந்திருக்கிறது. நீடாமங்கலம் மூணாறு தலைப்புதான் எங்கள் முதல் கட்டம். வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும் பிரியும் இடம். அங்கே மூன்று விடியற்காலை போய், ஷட்டர் பற்சக்கரத்தில் கிரீஸ் காய்ந்து கறுத்திருந்த இடத்தையும், கைபட்டுக் கைபட்டுப் பிடி தேய்ந்து பளபளத்த இடத்தையும் படமெடுத்து வந்தாள். கேமில் அந்தப் பிடி அப்படியே இருக்கிறது.

கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில், 2017 முதல் 100 டாலர் கட்டினால் யார் வேண்டுமானாலும் கேமைப் போடலாம். அப்புறம் பப்ளிஷர் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். எங்களுக்கு ஒன்றரை வருஷத்துக்குச் சாப்பாடும் வாடகையும் வேண்டியிருந்தது. வேறு மொழிகளுக்கு மொழிபெயர்க்க, பல கணினிகளில் ஓட்டிப் பார்க்க, நாலு பேர் கண்ணில் கேமைப் படவைக்க ஆள் வேண்டியிருந்தது. இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிற பப்ளிஷர்கள் உண்டு. 40 பேருக்கு மெயில் போட்டோம். 6 பேர் பதில் எழுதினார்கள், ஒருவர் ஒப்பந்தம் அனுப்பினார்.

முன்பணம் மொத்தம் 20,000 டாலர். கையெழுத்தானதும் 4,000, மீதி நான்கு மைல்ஸ்டோனாக, அதாவது வேலையில் ஒவ்வொரு கட்டத்தை முடித்துக் காட்டும்போதும். வருமானத்தில் நூற்றுக்கு 60 பங்கு அவர்களுக்கு, 40 எங்களுக்கு. அன்று ராத்திரி எங்களுக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். ஒன்பது மா சொந்த நிலம், மேற்கொண்டு கோயில் நிலம் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறவர். கணினிப் பக்கம் போனதில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

“ஏம் பாப்பா, அவன் குடுக்குற முன்பணத்த யார் பங்குல கழிப்பான்? பொலியிலயே கழிச்சுட்டு மிச்சத்தப் பிரிப்பானா, இல்ல பிரிச்சப்பறம் ஒம் பங்குல மட்டும் கழிப்பானா?”

பொலி என்றால் களத்தில் பங்கு பிரிக்காமல் கிடக்கும் மொத்த நெல். ஓடிப்போய் 14-ஆம் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எங்கள் பங்கில்தான் கழிப்பதாக இருந்தது.

இந்தக் கணக்கை நிதானமாகப் போட்டுக் காட்டுகிறேன். கேம் விலை 10 டாலர். தள்ளுபடி, மற்ற பிடித்தம் எதுவும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீம் 30 சதவீதம் எடுத்ததுபோக 7 டாலர் நிற்கும். அதில் எங்கள் 40 பங்கு 2 டாலர் 80 சென்ட். 20,000 டாலர் கடனை இந்த 2.80-இல் இருந்து மட்டும் அடைத்தால், 7,143 பிரதி விற்றபிறகுதான் எங்களுக்கு முதல் காசு வரும். அதற்குள் பப்ளிஷருக்குத் தன் 60 பங்காக ஏறக்குறைய 30,000 டாலர் வந்திருக்கும். அதோடு போட்ட 20,000-மும் திரும்பி வந்திருக்கும். இதையே பொலியில் கழித்தால்? 7 டாலரையும் முதலில் கடனுக்கு விட்டால் 2,858-ஆவது பிரதியில் கணக்கு நேராகிவிடும். பங்குச் சதவீதம் இரண்டிலும் ஒன்றுதான். “முன்பணம்” என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எழுதியிருந்த அந்த ஒரு வரியில்தான் எங்கள் நாலாயிரத்துச் சொச்சம் பிரதியின் பணம் இருந்தது.

அடுத்த பக்கம் இன்னும் மோசம். விளம்பரச் செலவையும் அதே கணக்கில் சேர்த்துக் கழிப்பார்கள், அதற்கு உச்சவரம்பு கிடையாது. விளம்பரத்துக்கு 15,000 செலவானது என்று அவர்கள் எழுதிவிட்டால் கடன் 35,000 ஆகிவிடும். அப்போது 12,500 பிரதி விற்க வேண்டும். சின்ன கேம்கள் பெரும்பாலும் அந்த எண்ணைத் தொடுவதே இல்லை.

நியாயமான ஒப்பந்தம் எப்படி இருக்கும் என்று தெரிய எங்களுக்கு ஒரு வழி கிடைத்தது. ஸ்வீடனைச் சேர்ந்த ரா ஃபியூரி என்ற பப்ளிஷர் 2021-இல் தங்கள் ஒப்பந்த மாதிரியை எல்லோரும் படிக்கும்படி பொதுவில் வைத்தார்கள். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எங்களுடையதை வரி வரியாக ஒப்பிட்டு, நான்கு திருத்தம் கேட்டோம். முன்பணத்தைப் பொலியில் கழிக்க வேண்டும், விளம்பரச் செலவுக்கு வரம்பு வேண்டும், கணக்குப் புத்தகத்தைப் பார்க்க எங்களுக்கு உரிமை வேண்டும், மைல்ஸ்டோன் அனுப்பி 15 வேலை நாளில் பதில் இல்லை என்றால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். முதல் இரண்டுக்கும் முடியாது என்றார்கள். பின்னிரண்டுக்கும் ஒப்புக்கொண்டார்கள். நாலாவதைத் தோழிதான் பிடிவாதமாகக் கேட்டாள். “இது சின்ன விஷயம்தானேடி, விட்டுடலாம்” என்று நான் சொன்னதை இப்போது நினைத்தால் உடம்பு நடுங்குகிறது.

அந்த வருஷம் மேட்டூரை ஜூன் 12 வரை காத்திருக்காமல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். அதே வாரத்தில் நாங்களும் கையெழுத்துப் போட்டோம். முதல் 4,000 டாலர் வந்தபோது வங்கியில் பர்ப்பஸ் கோடு, அதாவது வெளிநாட்டுப் பணம் எதற்காக வருகிறது என்பதைச் சொல்லும் குறியீடு, கேட்டார்கள். கேம் என்று சொன்னதும் சூதாட்டமா என்று பயந்தார்கள். ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தைக் காட்டி, மென்பொருள் சேவை என்று விளக்கி, பி0802 என்று எழுதிக் கொடுக்க ஒரு வாரம் ஆனது. அக்டோபரில் முதல் மைல்ஸ்டோனுக்கான 4,000 வந்தது. அதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது. பப்ளிஷர் பக்கத்தில் எங்களைப் பார்த்துக்கொண்ட தயாரிப்பாளர் நல்லவர். கேமை உண்மையாகவே விளையாடுவார்.

2023 மார்ச்சில் இரண்டாவது மைல்ஸ்டோனை அனுப்பினோம். பதில் இல்லை. ஏப்ரல் போனது. மே மாதம் புதிதாக ஒருவர் எழுதினார். பழைய தயாரிப்பாளரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களாம். அந்த வருஷம் உலகம் முழுக்க கேம் கம்பெனிகளில் ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போனது. எங்களுக்குத் தெரிந்த அந்த ஒரு முகமும் அப்படித்தான் போயிருந்தது. புதியவர் கேமை மாற்றச் சொன்னார். ஆறு, வாய்க்கால், ஊர்ப் பெயரெல்லாம் வேண்டாம், கற்பனை ராஜ்ஜியம் ஒன்றில் வைத்துச் சீட்டுக்கட்டு ஆட்டமாக்குங்கள், அதுதான் இப்போது விற்கிறது என்றார். லஸ்கருக்குப் பதில் மந்திரவாதி வேண்டுமாம். அந்த மெயிலைப் படித்துவிட்டுத் தோழி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

செய்யமாட்டோம் என்று எழுதினோம். அதற்கும் பதில் இல்லை, பணமும் இல்லை. ஒப்பந்தப்படி நாங்களாக விலகினால் வாங்கிய 8,000 டாலரையும் உடனே திருப்பித்தர வேண்டும், அவர்களாக விலக்கினால் வேண்டியதில்லை. அதனால்தான் அவர்கள் விலக்கவும் இல்லை, தொடரவும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த ஆகஸ்டில் எங்கள் பக்கம் தண்ணீர் வராமல் குறுவை காய்ந்தது. அப்பா விடிந்தால் வாய்க்காலைப் போய்ப் பார்ப்பார், நான் மெயிலைப் பார்ப்பேன். வீட்டில் யாரும் யாரிடமும் பணத்தைப் பற்றிப் பேசவில்லை.

தஞ்சாவூரில் வக்கீலாக இருக்கிற மாமாவிடம் செப்டம்பரில் போனேன். அவர் நிலத் தகராறு வழக்குகள்தான் நடத்துகிறார். 31 பக்கத்தையும் பென்சிலோடு படித்துவிட்டு, “ஏம்மா, அவன் 15 நாள்ல பதில் சொல்லல. அப்ப ஏத்துக்கிட்டான்னு அவனே கையெழுத்துப் போட்டிருக்கான். ஏத்துக்கிட்டா 30 நாள்ல பணம் தரணும், தரல. மீறினது நீ இல்ல, அவன்” என்றார். ஒப்பந்த மீறல், சரிசெய்ய 30 நாள் அவகாசம் என்று நோட்டீஸ் தயாரித்துத் தந்தார். எந்தப் பிரிவு, எந்தத் தேதி, எந்த மெயில் என்பதைத் தவிர அதில் வேறு ஒன்றும் இல்லை. அத்தனை மாதம் வாய் திறக்காதவர்கள் ஒன்பதாவது நாள் பேச வந்தார்கள்.

டிசம்பரில் முடிந்தது. உரிமை முழுவதும் எங்களுக்குத் திரும்பியது. இரண்டாவது மைல்ஸ்டோன் பணத்தை நாங்கள் விட்டுக்கொடுத்தோம். அவர்கள் தந்த 8,000 அடையும்வரை எங்கள் வருமானத்தில் 15 சதவீதம் அவர்களுக்கு. முழு நியாயம் இது இல்லை. ஆனால் கேம் எங்கள் கைக்கு வந்துவிட்டது.

வந்தது என்று நினைத்தோம், ஸ்டீம் பக்கம் வரவில்லை. அதை அவர்கள் கணக்கில்தான் திறந்திருந்தார்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அங்கே எங்கள் கேமை விருப்பப்பட்டியலில், வாங்க நினைப்பவற்றைக் குறித்துவைக்கும் பட்டியலில், சேர்த்திருந்தார்கள். புதிதாகப் பக்கம் திறந்தால் அத்தனை பேரையும் இழக்க வேண்டும். ஸ்டீமில் ஒரு கேமை ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்ற முடியும், விருப்பப்பட்டியலும் கூடவே வரும். ஆனால் கொடுக்கிறவர் கொடுக்க வேண்டும். அதற்கு எட்டு வாரம் துரத்தினேன். கேமைப் பிடித்தவர்கள் பேசிக்கொள்ளும் இணையக் குழு ஒன்று டிஸ்கார்டில் இருந்தது, அதை நிர்வகிக்கும் உரிமை கடைசிவரை கிடைக்கவில்லை. யாராவது என்னிடம் ஒரே ஒரு யோசனை கேட்டால் இதைத்தான் சொல்வேன்: ஸ்டீம் பக்கத்தை முதல் நாளே உங்கள் பெயரில் திறந்துவிடுங்கள். பப்ளிஷருக்கு அதில் வேலை செய்ய அனுமதி கொடுங்கள், கணக்கைக் கொடுக்காதீர்கள்.

மற்றதெல்லாம் அவ்வளவு கடினமில்லை. அமெரிக்க வரிக்கு டபிள்யூ-8பென் என்ற படிவம், அதில் பான் எண். அதை நிரப்பினால் அமெரிக்க விற்பனையில் 30-க்குப் பதில் 15 சதவீதம்தான் பிடிப்பார்கள். ஏற்றுமதிச் சேவை என்று ஜிஎஸ்டிக்கு எல்யூடி, அதாவது வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய எழுதித்தரும் உறுதிமொழி, கொடுத்தோம். 2024 ஆகஸ்டில் கேமை வெளியிட்டோம். தொடக்கத் திரையில் பப்ளிஷர் முத்திரை இருந்த இடத்தில் எங்கள் இரண்டு பேர் பெயரும் வருகிறது. 1979-இல் அமெரிக்காவின் அடாரி என்ற கேம் கம்பெனியின் நான்கு நிரலாளர்கள் வெளியேறி ஆக்டிவிஷன் என்ற சொந்தக் கம்பெனியைத் தொடங்கினார்கள். கேமைச் செய்தவர் பெயரைப் போடாததும் அதற்கு ஒரு காரணம். அந்தத் திரையை முதல்முறை ஓட்டிப் பார்த்தபோது அது எவ்வளவு பெரிய காரணம் என்று எனக்குப் புரிந்தது.

முதல் மாதம் 1,340 பிரதி விற்றது. பழைய ஒப்பந்தப்படி என்றால் எங்களுக்கு ஒரு ரூபாய்கூட வந்திருக்காது. பழைய பப்ளிஷருக்கான 15 சதவீதம் போக, இரண்டு பேருக்கும் ஆறு மாதம் ஓடுகிற அளவுக்கு வந்தது.

போன மாதம் வேறொரு பப்ளிஷர் எழுதியிருந்தார்கள். கேமை டிவியில் இணைத்து விளையாடும் கன்சோலுக்குக் கொண்டுபோகலாம், செலவை அவர்கள் போடுகிறார்களாம். நன்றி சொல்லிவிட்டு, அப்பா கேட்ட கேள்வியை முதல் வரியாக எழுதி அனுப்பினேன். மூன்றாவது நாள் பதில் வந்தது. மொத்தத்தில் கழித்துவிட்டுத்தான் பிரிப்பார்களாம். விளம்பரச் செலவுக்கு எவ்வளவு வரம்பு என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்.